தம்பியின் தாடை அறுவை: கிருஷ்ணகிரியில் முடிந்ததும் பெங்களூருவுக்கு ஓடியதும்

சிங்கப்பூரிலிருந்து இந்தத் தடவை ஊருக்குப் போன லீவு முழுக்கத் தம்பியின் தாடைக்கே சரியாகப் போனது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வரும் நோய் (ஸ்லீப் அப்னியா) அவனுக்கு, அதற்குத்தான் தாடையில் ஆபரேஷன். காவேரிப்பட்டணத்தில் சொந்தமாக லாரி வைத்து ஓட்டுகிறான். மாம்பழ லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கண் சொக்குகிறது என்று அவனே வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் வீட்டில் பயந்தார்கள். அதுவரை "ஒல்லியா இருக்கறவனுக்கு என்ன கொறட்ட நோவு" என்றுதான் பேச்சு. ஒல்லிதான், ஆனால் கீழ்த்தாடை உள்வாங்கிய முகம். தாடை பின்னால் இருந்தால் நாக்குக்கும் இடம் குறைவு. தூக்கத்தில் தசை தளர்ந்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது.

தூக்க டெஸ்டுக்கு வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் காட்டினோம். டெக்னீஷியன் வீட்டுக்கே வந்து நெஞ்சில் பட்டை, மூக்கில் குழாய், விரலில் கிளிப் மாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து கழற்றிக்கொண்டார். மணிக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு நின்றாலோ குறைந்தாலோ தீவிரம் என்று கணக்கு. இவனுக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. டாக்டர் அவசரப்படாமல் கிராஃபைக் காட்டிப் பேசினார், அதற்கே ஒரு கும்பிடு.

முதல் வைத்தியம் சீபேப் மெஷின். தூங்கும்போது முகத்தில் மாட்டும் மாஸ்க் வழியே வரும் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். பலருக்கு அதுவே போதும். தம்பிக்கு மெஷின் விற்ற கடைதான் சரியில்லை: மாஸ்க் அளவு பார்க்காமல் கொடுத்துவிட்டார்கள். காற்று கண்ணில் அடித்தது. மாற்றிக் கேட்டால் போனே எடுப்பதில்லை. வேறு இடத்தில் வாங்கிய மாஸ்க்கும் ஒத்துவரவில்லை. பாதி நாள் ராத்திரி லாரி கேபினிலேயே படுப்பவன் எத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டுவான்?

மெஷின் ஒத்துவராததால் அடுத்த வழி தாடை அறுவை. அதற்கு எங்களுக்குக் காட்டிய இடம் பெங்களூரு. சர்ஜன் அடிப்படையில் பல் மருத்துவம் படித்தவர் என்றதும் அம்மாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. "மூச்சுக்குப் பல்லு டாக்டரா? நல்லா இருக்கற மூஞ்சிய எதுக்குடா ஒடைக்கறீங்க?" அந்த டாக்டர் பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றை மேசையில் வைத்து அம்மாவைப் பார்த்தே விளக்கினார். வாய்க்குள்ளேயே கீறி, மேல்தாடையைப் பல்வரிசைக்கு மேலே குறுக்கே அறுத்து, கீழ்த்தாடையை இரண்டு பக்கமும் பிளந்து, சுமார் 10 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தி, டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்குவார்கள். நாக்கும் அண்ணத்தின் மெல்லிய பகுதியும் எலும்போடு சேர்ந்தே முன்னால் வருவதால் பின்னால் மூச்சுக்கு வழி கிடைக்கிறது. நூற்றுக்கு 85 பேருக்கு நல்ல பலன், ஆனால் மூச்சு நிற்பதோ குறைவதோ மணிக்கு 5 தடவைக்குக் கீழே இறங்கி முழுசாகக் குணமாவது சுமார் 40 பேருக்குத்தான் என்றும், முகம் கொஞ்சம் மாறும், கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும், சிலருக்கு அது போகாமலே இருந்துவிடும் என்றும் கேட்காமலே சொன்னார். இப்படி வெளிப்படையாகப் பேசும் டாக்டரிடம் கையெழுத்துப் போடத் தயக்கம் வராது.

இன்சூரன்ஸ்காரர்கள்தான் படுத்திவிட்டார்கள். தாடை ஆபரேஷன் என்றாலே அழகுக்குச் செய்வது என்று கேஷ்லெஸை நிறுத்திவைத்தார்கள். தூக்க டெஸ்ட் ரிப்போர்ட், மெஷின் வாங்கிய பில், டாக்டர் கடிதம் எல்லாம் மறுபடி மறுபடி அனுப்பிய பிறகே நகர்ந்தது. அட்மிஷனுக்கு முன்னாலேயே இந்தக் காகிதங்களை ஒரு ஃபைலில் சேர்த்து வையுங்கள்.

ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி ஐசியூ. இரண்டு மூன்று நாளில் முகம் பலாப்பழமாக வீங்கியது. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஒரு சின்னக் கத்தரிக்கோலையும் கையில் கொடுத்தார்கள். வாந்தி வந்தால் மேல் பல்லையும் கீழ் பல்லையும் இழுத்துப் பிடித்திருக்கும் ரப்பர் பேண்டை உடனே வெட்டிவிட வேண்டுமாம். ஓசூர் தாண்டி வீடு வரும்வரை தம்பி மனைவி அதைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை.

வாரக்கணக்கில் நீராகாரம்தான். எங்கள் பக்கத்தில் ராகிக்குப் பஞ்சமா? கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, சிரிஞ்சில் குழாய் மாட்டிக் கடைவாய் ஓரமாக விடுவோம். மோவாயில் வழிந்தாலும் அவனுக்குத் தெரியாது, நாங்கள்தான் துடைத்துவிட வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது. எதிரே உட்கார்ந்து நிப்பட்டு கடித்த என் பையனை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் டெஸ்டையும் சர்ஜன் ஆலோசனையையும் ஒரே லீவில் முடித்துக்கொள்ளலாம். ஆபரேஷனையும் அதற்குள் திணிக்காதீர்கள். வீக்கம் வடியவும் பல் கடி சரியாகப் பொருந்தவும் டாக்டர் கூப்பிட்டபோதெல்லாம் போய்க் காட்ட வேண்டியிருக்கும். குறட்டை இப்போதே குறைந்திருக்கிறது என்கிறாள் தம்பி மனைவி. ஆனால் சில மாதம் கழித்துத் திரும்பவும் தூக்க டெஸ்ட் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், குறட்டை நின்றால் மூச்சுத்திணறலும் நின்றது என்று அர்த்தமில்லை. அதுவரை ராத்திரி லோடுக்கு வேறு டிரைவர் போட்டிருக்கிறான். ஆஸ்பத்திரிச் செலவோடு அந்தச் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.