டெஸ்க்டாப் ஃப்ரீஸ் ஆகுதுன்னு சர்வீஸ் கடைக்குத் தூக்கிட்டுப் போறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சிட்டுப் போங்க

இன்னிக்குக் காலைலதான் எனக்கு முழு விஷயமும் தெரிஞ்சுது, இன்னும் ஆத்திரம் அடங்கல, எழுத்து முன்னபின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. அரை மாசச் சம்பளம் போச்சு. ஒரு சின்ன சாட்டா கேபிள் (டிஸ்கை மதர்போர்டோட இணைக்கற வயர்) பிரச்சனைக்கு அரை மாசச் சம்பளத்தைக் கொண்டுபோய் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைல கொட்டிட்டு வந்திருக்கேன். நீங்களே என்னென்ன செக் பண்ணலாம்னு கடைசில வரிசையா எழுதறேன், வேற யாரும் இப்படி ஏமாறக் கூடாது.

ரெண்டு மாசமா என் டெஸ்க்டாப் திடீர் திடீர்னு ஃப்ரீஸ் ஆகும். ஒரே நாள்ல மூணு தடவ ஆகும், அப்புறம் நாலு நாள் ஒண்ணுமே இருக்காது. மவுஸ் நகரும், ஆனா எதைக் கிளிக் பண்ணாலும் அப்படியே நிக்கும். சில சமயம் அரை நிமிஷத்துல தானா சரியாயிடும், சில சமயம் மவுஸும் நின்னுடும், பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்றதத் தவிர வேற வழி இருக்காது. வேலையெல்லாம் அதுலதான், பொறுக்க முடியாம கடைக்குத் தூக்கிட்டுப் போனேன்.

அங்க இருந்தவர் நல்லாத்தான் பேசினார். உக்கார வெச்சு, என் கண்ணு முன்னாடியே, விண்டோஸ் எரரையெல்லாம் பதிஞ்சு வைக்கற ஈவண்ட் வியூவரைத் திறந்து, சிவப்பு கலர்ல வரிசையா இருந்த கெர்னல் பவர் 41 எரரைக் காட்டி, "பாருங்க சார், நான் சொல்லல, விண்டோஸே சொல்லுது, பவர் சப்ளை போயிடுச்சு, அது போகும்போது போர்டையும் சேத்து அடிச்சிருக்கு"ன்னார். அந்த இடத்துலதான் நான் விழுந்தேன். யாரோ வாயால சொன்னா சந்தேகப்பட்டிருப்பேன், ஸ்க்ரீன்லயே காட்டினா என்ன பண்ணுவேன், மனுஷன் ஒளிவுமறைவு இல்லாம இருக்கார்னு நெனச்சு மதர்போர்டு, பவர் சப்ளை ரெண்டையும் மாத்தச் சொல்லிட்டேன். லேபர் சார்ஜோட அரை மாசச் சம்பளம், அங்கயே கட்டினேன்.

மூணாவது நாள் திரும்ப ஃப்ரீஸ். அதே மாதிரி.

போன் பண்ணா "புது போர்டு சார், செட் ஆக ரெண்டு நாள் ஆகும்"னாங்க. போர்டு என்ன சார் செருப்பா, போடப் போட செட் ஆக? ரெண்டு நாள் கழிச்சுக் கேட்டா விண்டோஸ் பிரச்சனையாம், ஃபார்மட் போடணுமாம், அதுக்குத் தனியா காசாம். அடுத்த தடவ வைரஸ்னாங்க. அப்புறம் "நாங்க போட்ட பார்ட்ஸ்ல குறை இருந்தா மட்டும்தான் வாரண்டி". சரி, என் பழைய போர்டையாவது திருப்பிக் குடுங்கன்னேன், ஸ்கிராப்ல போட்டாச்சாம். அதுக்கப்புறம் போனையே எடுக்கறதில்ல.

நேத்து ராத்திரி கூட வேலை செய்யற நண்பர்கிட்ட புலம்பிட்டு இருந்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே "ஃப்ரீஸ் ஆகும்போது ஹார்ட் டிஸ்க் லைட் என்ன பண்ணுது?" அப்போதான் யோசிச்சேன், சிமிட்டாம அப்படியே எரிஞ்சுக்கிட்டே நிக்கும். மவுஸ் நகருது, லைட் நிக்குதுன்னா டிஸ்க் பதில் சொல்லாம விண்டோஸ் காத்துக்கிட்டு இருக்குன்னார். கடைல ஒருத்தர்கூட இதை என்கிட்ட கேக்கல.

அவர் சொல்லி அதே ஈவண்ட் வியூவரைத் திறந்து பழைய தேதிக்குப் போனேன். கடைக்காரர் விரல் வெச்சுக் காட்டினாரே அந்த 41, அதுக்கு நாலு லைன் கீழயே மஞ்சள் முக்கோணத்தோட 129ங்கற எச்சரிக்கை இருக்கு, டிஸ்க் பதில் சொல்லல, ரீசெட் பண்றேன்னு அர்த்தம். ஒண்ணு ரெண்டு இல்ல, கடைக்குப் போறதுக்கு முன்னாடி தேதிலயே நெறைய. அது அவர் கண்ணுலயும் பட்டிருக்கும்ல? 41ங்கறது கம்ப்யூட்டர் ஒழுங்கா ஷட்டவுன் ஆகாம நின்னுச்சுன்னு மட்டும்தான் சொல்லும், ஏன் நின்னுச்சுன்னு சொல்லாது. நான் பவர் பட்டனை அழுத்தி ஆஃப் பண்ணதுக்குத்தான் அத்தனை 41. நானே போட்ட எரரை எனக்கே காட்டி அரை மாசச் சம்பளம் வாங்கியிருக்காங்க.

டிஸ்க் நிலைமையைக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோங்கற சாஃப்ட்வேரைப் போட்டுப் பாத்தா என் டிஸ்க், அதாவது எஸ்எஸ்டி, நல்லாத்தான் இருக்கு, சிஆர்சி எரர் கணக்கு மட்டும் (199ம் நம்பர், அதுல சி7னு காட்டும்) ஒவ்வொரு ஃப்ரீஸுக்கும் ஏறுது. டேட்டா வர்ற வழில கெட்டுப்போகுது, பெரும்பாலும் கேபிள்தான். கேபினெட்டைத் திறந்தா புது போர்டுல அதே பழைய கேபிளைச் சொருகி வெச்சிருக்காங்க, கிளிப் உடைஞ்சு, லேசாத் தொட்டாலே ஆடுது. புது போர்டு பாக்ஸுக்குள்ளயே புது சாட்டா கேபிள் ரெண்டு பிரிக்காம கெடக்கு! காலைல அதுல ஒண்ணை மாத்தினேன், அஞ்சு நிமிஷம். பழைய சிஆர்சி எண்ணிக்கை அழியாது, அப்படியேதான் இருக்கும், ஆனா மாத்துனதுக்கப்புறம் ஒண்ணுகூட ஏறல, ஃப்ரீஸும் இல்ல. அப்போ ஸ்கிராப்ல போட்டதா சொல்ற என் பழைய போர்டு நல்ல போர்டு.

செக் பண்ண வேண்டியது: முதல்ல பேக்கப் எடுங்க. கேபிளை எல்லாம் கழட்டி அழுத்தி மாட்டுங்க. ரெண்டு ரேம் இருந்தா ஒவ்வொண்ணா போட்டு ஓட்டிப் பாருங்க, ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேமை டெஸ்ட் பண்ற சாஃப்ட்வேர்) ஓட விடுங்க. எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்துல ஓட்டற பயாஸ் செட்டிங்) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிப் பாருங்க. சூட்டைப் பாருங்க. ஹீட் பத்தி விளக்கமா எழுத நெனச்சேன், இப்போ முடியல. 41ஐ மட்டும் காட்டி பவர் சப்ளை போச்சுன்னு சொன்னா காசு குடுக்காதீங்க, என்ன டெஸ்ட் பண்ணீங்கன்னு கேளுங்க, வேற பவர் சப்ளை மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. கழட்டுன பார்ட்ஸ் எனக்கு வேணும்னு குடுக்கும்போதே பில்லுல எழுதி வாங்கிடுங்க, நான் வாங்கல.

இதை எழுதறதுக்கு நடுவுல இன்னொரு தடவ போன் அடிச்சேன், ரெண்டு ரிங்ல கட் பண்ணிட்டாங்க. நாளைக்கு பில்லையும் அந்தப் பழைய கேபிளையும் எடுத்துக்கிட்டு நேர்லயே போறேன்.