மூன்று இடம் மாறிய பூஸ்ட் கேஜ்

பூஸ்ட் கேஜ் என்றால் டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் வட்ட மீட்டர். கேஜைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை, அது ஒழுங்காக வேலை செய்கிறது. அதைக் காருக்குள் உட்கார வைக்க நான் வாங்கிய மூன்று கூடுகளைப் பற்றித்தான் எழுத வந்தேன்: முன் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் தூணில் மாட்டுவது ஒன்று, டேஷ்போர்டு மேல் ஒட்டுவது ஒன்று, ஏசி வென்டுக்குள் செருகுவது ஒன்று. மூன்றும் 52 மில்லிமீட்டர் கேஜுக்கானவை, சந்தையில் அதிகம் கிடைக்கும் அளவு அதுதான். 60 மில்லிமீட்டரிலும் கேஜ் வருகிறது, படிக்க இன்னும் சுலபம், ஆனால் அதற்குக் கூடு தேடுவதற்குள் ஆசையே போய்விடும்.

முதலில் தூண் கூடு. எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தார்கள். என் காரின் தூண் ஒரு பக்கம் வளைகிறது, கூடு இன்னொரு பக்கம் வளைகிறது, நடுவில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சூடு காட்டி வளைத்தால் சரியாகும் என்று நினைத்துத் தூணின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். கழற்றியது நல்லதாகப் போயிற்று. உள்ளே கண்ணாடி ஓரமாகச் சுருட்டி வைத்த துணிப்பை மாதிரி ஒன்று கூரை வரை ஓடுகிறது: கர்ட்டன் ஏர்பேக். உறையின் மேல் முனையில் ஏர்பேக் என்ற எழுத்து சின்னதாகப் பொறித்திருந்ததை அதுவரை நான் கவனித்ததே இல்லை. மோதினால் அந்தப் பை கண் இமைக்கும் நேரத்தைவிடச் சீக்கிரம் உறையைத் தள்ளிக்கொண்டு விரிய வேண்டும். அந்த உறையில் இரண்டு ஸ்குரூ போட்டு ஒரு பிளாஸ்டிக் கூட்டையும் உள்ளே கனமான ஒரு கேஜையும் மாட்டினால், பை விரிய வழி விடாது, இல்லையென்றால் கேஜ் நம் முகத்தை நோக்கிப் பறக்கும். இரண்டுமே வேண்டாம்.

ஏர்பேக் இல்லாத பழைய கார் என்றால் தூண் மோசமான இடம் இல்லை, கண்ணைச் சாலையிலிருந்து அதிகம் திருப்பாமல் பார்க்கலாம். ஆனாலும் ஒன்று சொல்லியாக வேண்டும். திருப்பத்தில் நடந்து வரும் ஆளை மறைக்கிற அளவுக்குத் தூண் ஏற்கனவே தடிமன், அதன் மேல் ஒரு கிண்ணத்தை வைத்தால் இன்னும் மறைக்கும். கையால் பிடித்து வைத்துப் பார்த்தபோதே எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் கூடு இப்போது ஸ்குரூ போட்டு வைக்கும் டப்பாவாக இருக்கிறது. அந்த வேலைக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து.

அடுத்தது டேஷ்போர்டு மேல் ஒட்டும் கிண்ணம். மாட்ட ஐந்து நிமிடம், ஓட்டை போட வேண்டாம், சாலைக்குப் பக்கத்திலேயே பார்வை விழும், எல்லாம் சரி. இரண்டு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். பகலில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால் கிண்ணம் வயரைப் பிடித்துக்கொண்டு கியர் லீவர் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கூடவே வந்த டபுள் சைடு டேப் வெயிலில் இளகிவிட்டது. இதில் பாதித் தப்பு என்னுடையது. டேஷ்போர்டில் பளபளப்புக்காகப் பாலிஷ் போடுகிறவன் நான், அந்தச் சிலிக்கோன் எண்ணெய் மேல் எந்த டேப்பும் நிற்காது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் வைத்து நன்றாகத் துடைத்துவிட்டு நல்ல டேப் போட்டதும் நின்றது. அப்புறம் இரவில் இன்னொரு தொல்லை. கேஜின் சிவப்பு வெளிச்சம் முன் கண்ணாடியில் பட்டு, சாலை மேல் ஒரு சின்னச் சிவப்பு வட்டம் மிதந்துகொண்டே வரும். முதல் நாள் அதைத் தூரத்தில் போகிற வண்டியின் பிரேக் லைட் என்று நினைத்துக் காலை எடுத்தேன். கேஜின் விளக்கு வயரைப் பார்க்கிங் லைட் சர்க்யூட்டில் கொடுத்தால் சில கேஜ்கள் இரவில் தானாக மங்கும், என்னுடையதும் மங்கியது, வட்டம் மட்டும் முழுதாகப் போகவில்லை. ஒரு விஷயம் கட்டாயம்: பக்கத்து சீட்டுக்கு எதிரே இருக்கும் ஏர்பேக் மூடி மேல் எதையும் ஒட்டாதீர்கள், இடம் தட்டையாக அழகாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

மூன்றாவது, இப்போது காரில் இருப்பது: வென்ட் கூடு. இது என் கார் மாடலுக்கென்றே அச்சு வார்த்தது, அதனால் விலையும் அதிகம், காத்திருந்த நாளும் அதிகம். பழைய வென்டை உருவிவிட்டு இதைத் தள்ளினால் டக்கென்று உட்கார்ந்துகொண்டது, கம்பெனியில் வந்தது போலவே இருக்கிறது. சிக்கல் பின்னால்தான். கேஜின் முகத்தை மட்டும் அளந்துவிட்டுப் பின்னால் வயர் பிளக் நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தை நான் அளக்கவில்லை. காற்றுக் குழாய் அங்கே வளைகிறது, பிளக் போய் முட்டியது, ஒரு மதியம் முழுக்கக் குனிந்தபடியே போயிற்று. வயரை வெளியே எடுக்கக் குழாயில் சின்ன ஓட்டை போட்டேன், அதைச் சரியாக அடைக்காததால் பிளோயரை மூன்றில் வைத்தால் விசில் அடித்தது, ரப்பர் வளையம் ஒன்றைச் செருகியதும் நின்றது. கூட்டின் துளை கேஜைவிடக் கொஞ்சம் பெரிது, மேடு பள்ளத்தில் கடகடவென்றது. பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டை வெட்டிச் சுற்றினேன், இன்றுவரை சத்தமில்லை. ஹீட்டர் போடும்போது சூடான காற்று நேராகக் கேஜின் முதுகில் அடிக்கும், அதனால் அந்தப் பக்கக் காற்றைத் தடுத்துவிட்டேன். ஒரு வென்ட் போனது போனதுதான், கைக்குக் குளிர்ச்சி வேண்டுபவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீரிங் தண்டின் உறை மேல் வைக்கும் கூட்டை நான் வாங்கவில்லை, நண்பன் காரில் ஓட்டிப் பார்த்தேன். பார்வைக்கு எல்லாவற்றையும்விட நல்ல இடம், ஆனால் என் உயரத்துக்குப் பெட்ரோல் முள்ளைப் பாதி மறைத்தது. ஸ்டீரிங்கை ஏற்றி இறக்கினால் கூடும் சேர்ந்து நகரும், வயரில் தளர்வு விடாவிட்டால் ஒரு நாள் பிடுங்கிக்கொள்ளும். பழைய ஸ்டீரியோ இருந்த இடத்தில் மூன்று கேஜ் வரிசையாக வைக்கும் பலகையும் இருக்கிறது. அந்த இடம் முழங்கால் உயரம், குனிந்து பார்க்க வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்குக் கார் கிட்டத்தட்ட 28 மீட்டர் போய்விடுகிறது.

இதில் எனக்கு லேட்டாகப் புரிந்தது ஒன்று உண்டு. நாம் எல்லோரும் நல்ல இடத்தை பூஸ்ட் கேஜுக்குக் கொடுத்துவிடுகிறோம், ஏனென்றால் அதில்தான் முள் ஆடுகிறது, பார்க்க ஜாலி. உண்மையில் பூஸ்டைத் தவறவிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆயில் பிரஷர் விழுந்ததைப் பத்து வினாடி தவறவிட்டால் இன்ஜின் போய்விடலாம். அதனால் ஆயில் பிரஷர் கேஜ் வந்ததும் வென்ட் இடத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, பூஸ்டை டேஷ்போர்டு கிண்ணத்துக்கே திருப்பி அனுப்பினேன். மூன்றாவது இடமாற்றம் அதுதான். ஆயில் கேஜைக் கூட்டுக்குள் கொஞ்சம் திருகி, சூடான இன்ஜினில் சாதாரணமாக ஓடும்போது முள் நேராக மேலே நிற்கிற மாதிரி வைத்தேன். ரேஸ் கார்களில் இருக்கிற பழைய பழக்கம் இது. எண்ணைப் படிக்கவே வேண்டாம், முள் சாய்ந்திருந்தால் ஓரக்கண்ணிலேயே தெரிகிறது. எண்கள் கோணலாக நிற்பதைப் பார்த்துவிட்டு, தப்பாக மாட்டிவிட்டாய் என்று வீட்டில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆயில் கேஜ் வாங்கினால் எலக்ட்ரிக் சென்சார் உள்ளதாக வாங்குங்கள். மெக்கானிக்கல் கேஜ் என்றால் பிரஷரோடு சூடான ஆயிலையே சின்னக் குழாயில் காருக்குள் கொண்டு வர வேண்டும், அது கசிந்தால் கால் மேல்தான் கொட்டும். பூஸ்ட் மெக்கானிக்கலாக இருந்தால் பரவாயில்லை, அதில் வருவது காற்றுதான். ஆனால் ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் நாம் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டில், குழாய் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் போட வேண்டும், தகடு அறுத்துவிடும்.

ஓட்டை போடும் முன் நான் செய்திருக்க வேண்டியதை நீங்கள் செய்யுங்கள். அட்டையில் 52 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, நினைத்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டி ஒரு வாரம் ஓட்டுங்கள், இரவிலும் ஒரு தடவை. நான் இதை மூன்று கூடு வாங்கிய பிறகுதான் செய்தேன். வென்டில் ஒட்டிய வட்டத்தை, ஸ்டீரிங்கை நேராகப் பிடித்தால் என் கையே மறைக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது கையை அரை அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பழகிக்கொண்டேன்.

வென்ட் கூட்டுக்கு ஐந்துக்கு நாலு. பிளக் முட்டும் என்று அட்டையில் ஒரு வரி எழுதியிருந்தால் முழுசாகக் கொடுத்திருப்பேன்.