நான்கடி தூரத்தில் கை நடுங்கினால் எந்த வழி உதவும்?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பள விரிப்பு. அதன் முனையில் படுக்கவைத்த எவர்சில்வர் டம்ளர். வாரம் முழுவதும் அதுதான் என் கோல்ஃப் மைதானம். ஞாயிறு விடியலில் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் ஆடுகிறேன். மாடியில் பத்துக்கு எட்டுப் பந்து டம்ளருக்குள் போகிறது. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், டம்ளர் வாயைவிட எவ்வளவோ அகலம். ஆனாலும் அங்கே நான்கடி தூரத்தில் நிற்கும்போது மணிக்கட்டு மடிகிறதா, தோள் சாய்கிறதா என்று மனம் கேட்கத் தொடங்கும், கை கல்லாகிவிடும்.

குறையைக் கண்டுபிடித்துத் திருத்து என்பதுதான் எல்லோரும் முதலில் சொல்லும் வழி. செல்போனைப் பூந்தொட்டியில் சாய்த்துவைத்துப் படம் எடுத்தேன். குறைகள் தெரிந்தன, சிலவற்றைத் திருத்தவும் செய்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியலும் என்னோடு ரயில் ஏறியது. ரிச் மாஸ்டர்ஸ் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: எப்படி அடிப்பது என்ற விதிகளைப் படித்துப் பழகியவர்கள் நெருக்கடியில் தடுமாறினார்கள், விதி தெரியாமலே பழகியவர்கள் அப்படித் தடுமாறவில்லை.

இதற்கு நேர் எதிரான வழி, மனத்துக்கு வேறு வேலை கொடுப்பது. ஒரு மாலை என் மனைவி மாடிப்படியில் நின்று, "இந்த மாதம் பால் எத்தனை லிட்டருங்க?" என்று கேட்டாள். மட்டையை ஓங்கியிருந்தேன். "நாற்பது" என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். டம்ளர் 'டங்' என்றது. அவளை அங்கேயே நிற்கச் சொல்லிக் கணக்கு முழுவதையும் பேசிக்கொண்டே ஆறு பந்து அடித்தேன், ஐந்து விழுந்தன. உளவியலாளர் சியான் பைலாக் குழுவினரின் 2002 ஆய்விலும் அனுபவசாலிகள், தங்கள் வீச்சைக் கவனித்தபோது ஆடியதைவிட, காதில் விழும் ஒலிகளைக் கவனித்தபோது நன்றாக ஆடினார்கள். புதியவர்களுக்கோ இது தலைகீழ். ஆகவே மட்டை பிடித்து மூன்று மாதம்கூட ஆகாதவர்கள் முதல் வழியிலேயே இருக்கட்டும்.

பால் கணக்கைச் சென்னைக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே கைகொடுத்தது, கனடாவின் ஜோன் விக்கர்ஸ் ஆராய்ந்த பார்வைப் பழக்கம். குழியை ஒருமுறை பார்த்துவிட்டு, பந்தின் மேல் ஒரே புள்ளியில் இரண்டு விநாடி கண்ணை நிறுத்த வேண்டும். அடித்த பிறகும் பந்து இருந்த இடத்திலேயே பார்வை ஒரு கணம் தங்க வேண்டும். மணிக்கட்டைப் பற்றி நினைக்க அந்த இரண்டு விநாடியில் இடமே இருப்பதில்லை. நான் முயன்ற ஐந்து வழிகளில் என் ஓட்டு இதற்குத்தான்.

பிடியை மாற்றுவது இன்னொரு வழி. ஜெர்மனியின் கோல்ஃப் வீரர் பெர்ன்ஹார்ட் லாங்கர் கை நடுக்கத்தால் பலமுறை தவித்தவர். பிடிகளையும் மட்டைகளையும் மாற்றி மாற்றி மீண்டு, 1985, 1993 ஆகிய ஆண்டுகளில் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். உண்மையாகவே கை உதறுகிறவர்களுக்கு இது பயன்படும். எனக்கோ புதுப் பிடி, யோசிக்கப் புது விஷயங்களைக் கொடுத்தது; இரண்டே வாரத்தில் விட்டுவிட்டேன்.

சில நாள் விளையாட்டையே ஒதுக்கிவைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. கத்திரி வெயிலில் அப்படித்தான் இருந்தேன். உடம்பு தேறியது, பயம் அப்படியே இருந்தது.

இப்போது படம் எடுப்பதும் திருத்துவதும் புதன்கிழமையோடு சரி. வியாழன் முதல் டம்ளரும் அந்த இரண்டு விநாடியும் மட்டும்தான். சென்ற ஞாயிறு ஒன்பதாவது குழியில் அதே நான்கடி வந்தது. பந்தின் மேலிருந்த சின்னக் கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அடித்தேன். தலையைத் தூக்குவதற்கு முன்பே பந்து குழிக்குள் விழும் சத்தம் கேட்டது.