பசுங்கணிகம் ஓடுவதைக் காட்டிய காகித நுண்ணோக்கி

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அது எங்கே நடக்கிறது என்று கேட்டால் "பசுங்கணிகத்தில் மிஸ்" என்று அதையும் ஒப்பிப்பார்கள். ஆனால் செல்லுக்குள் இருக்கும் அந்தப் பச்சை மணியை (குளோரோபிளாஸ்ட்) கண்ணால் பார்த்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அதற்காகவே ஃபோல்ட்ஸ்கோப் வாங்கினேன். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷும் ஜிம் சைபுல்ஸ்கியும் உருவாக்கி, 2014-இல் உலகுக்கு அறிவித்த காகித நுண்ணோக்கி இது. தாளை மடித்துச் செருகினால் தயார். உருப்பெருக்கம் சுமார் 140 மடங்கு. 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு வரை பிரித்துக் காட்டும். பசுங்கணிகம் ஏறக்குறைய 5 மைக்ரான் இருக்கும் என்பதால் நம் வேலைக்கு இது தாராளம்.

முதலில் ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடியின் இலையை வையுங்கள். அந்த இலையின் கனமே இரண்டு அடுக்குச் செல்கள்தான். பிளேடால் சீவ வேண்டாம். நுனியில் ஒரு இளம் இலையைக் கிள்ளி, ஒரு சொட்டுத் தண்ணீரில் படுக்கப் போட்டால் போதும். செங்கல் அடுக்கியதுபோல் செல்கள் தெரியும். நடுநரம்பை ஒட்டிய செல்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். பச்சை மணிகள் செல்சுவரை ஒட்டி ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து சுற்றி வரும். செல்லுக்குள் ஓடும் கூழ் போன்ற சைட்டோபிளாசம்தான் அவற்றை இழுத்துப் போகிறது. "மிஸ், ஓடுது!" என்று ஒரு பெண் கத்தியதும் மொத்த வகுப்பும் ஜன்னலோரம் வந்துவிட்டது.

அப்புறம் குளத்துப் பாசி. ஸ்பைரோகைராவில் பசுங்கணிகம் ரிப்பன் மாதிரி சுருள்சுருளாக இருக்கும். ஆசில்லட்டோரியாவில் மணியும் இல்லை, ரிப்பனும் இல்லை, இழை முழுக்க ஒரே நீலப்பச்சை. அது பாக்டீரியா வகை. பசுங்கணிகமே கிடையாது, ஆனாலும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. இதன் பழங்கால உறவுகளில் ஒன்று வேறொரு செல்லுக்குள் புகுந்து தங்கியதுதான் இன்றைய பசுங்கணிகம் என்று அந்த இடத்தில் சொன்னால், பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்கிறார்கள்.

பசுங்கணிகத்துக்குள் ஒளியைப் பிடிக்கும் தைலகாய்டு சவ்வு அடுக்குகளை இதில் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். வெளிவரும் ஆக்ஸிஜன் தண்ணீரிலிருந்து வருகிறதா, கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறதா என்பதையும் இது காட்டாது. தண்ணீரிலிருந்துதான் என்று 1941-இல் ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் கனமான ஆக்ஸிஜன் அணுக்களை வைத்துக் காட்டினார்கள். குமிழி பார்க்க வேண்டுமென்றால் தண்ணீருக்குள் நீர்ச்செடியைப் புனலால் மூடி வைக்கும் பழைய சோதனைதான்.

தாளை விரலால் நகர்த்தித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக் கை பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். செல்போனில் காந்த வளையத்தை ஒட்டி, கேமரா வழியாகக் காட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். வெளிச்சத்துக்கு வெளுத்த வானமோ வெள்ளைச் சுவரோ போதும். சூரியனை நோக்கிப் பிடிக்கவே விடாதீர்கள்.

ஆய்வக நுண்ணோக்கி ஒன்றே ஒன்று இருந்து, அதுவும் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளுக்கு இதை அடித்துச் சொல்வேன். வாங்குவதென்றால் இரண்டு மூன்றாக வாங்குங்கள். ஒன்றை வைத்தால் வரிசையில் நிற்பதிலேயே பீரியட் முடிந்துவிடும்.