ஏற்காட்டுச் சர்வருக்கு எது, சேலத்துச் சர்வருக்கு எது: கெர்னல் வழுநீக்கக் கருவிகள் ஓர் ஒப்பீடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சர்வரையும், ஏற்காட்டுக் காப்பித் தோட்ட அலுவலகம் ஒன்றில் இன்னொரு சர்வரையும் பராமரிக்கிறேன். இரண்டிலும் லினக்ஸ்தான் ஓடுகிறது. ஆயினும் அதன் மைய நிரலான கெர்னல் நின்றுபோனால் காரணத்தைத் தேட இரண்டுக்கும் ஒரே கருவியைப் பரிந்துரைக்க என்னால் இயலாது.

2008-இல் லினக்ஸ் கெர்னலின் 2.6.26 பதிப்பில் சேர்ந்த கேஜிடிபி (KGDB) என்ற கருவி, ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை வேண்டிய வரியில் நிறுத்தி, மாறிகளின் மதிப்பைப் பார்த்து, ஒவ்வோர் அடியாக நகர்த்த உதவுகிறது. இதற்குச் சீரியல் கேபிளில் இணைந்த இரண்டாவது கணினி வேண்டும். நிறுத்தும் கணத்தில் எல்லாச் சிபியுக்களும் நிற்பதால் வாடிக்கையாளரின் வேலையும் நின்றுவிடும். கொலுசுப் பட்டறை ஒன்றின் எடைக்கருவிக்கு நான் எழுதிய டிரைவர் (கருவியைக் கெர்னலோடு இணைக்கும் நிரல்), எடுத்த பூட்டை (ஒரே தரவை இருவர் ஒருசேரத் தொடாமல் தடுக்கும் காப்பு) விடுவிக்காமலே திரும்பிய இடத்தை, ஒரு ஞாயிறு காலை அரை மணி நேரத்தில் இதைக் கொண்டே பிடித்தேன். சர்வர் கையெட்டும் தொலைவில் இருந்தால் இதற்கு நிகரில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால் இருக்கும் சர்வருக்கு அது உதவாது. அங்கே 2005-இல் 2.6.13 பதிப்பில் வந்த கேடம்ப் (kdump) என்ற கருவிதான் பொருத்தம். தொடக்கத்திலேயே ஒதுக்கிவைத்த நினைவகப் பகுதியில் காத்திருக்கும் இரண்டாம் கெர்னல், முதல் கெர்னல் வீழ்ந்ததும் எழுந்து, பழைய நினைவகத்தை டம்ப் என்ற ஒரு கோப்பாக எழுதிவைக்கும். அதைச் சேலத்திலிருந்தே திறந்து ஆராயலாம். ஒதுக்கிய நினைவகம் வேறெதற்கும் பயன்படாது. கிடைப்பதும் கடைசிக் கணத்தின் படம் மட்டுமே.

ஆனால் கேடம்ப், வன்பொருள் நலமாக இருக்கிறது என்று நம்பியே இயங்குகிறது. பழுதான ரேமின்மேல் இரண்டாம் கெர்னலும் ஓட வேண்டியிருப்பதை இதை நிறுவுபவர்கள் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. சென்ற மழைக்காலத்தில் ஏற்காட்டுச் சர்வர் மூன்று முறை உறைந்தும் டம்ப் கோப்பு ஒன்றுகூட எழுதப்படவில்லை.

இந்த இடத்தில்தான் வன்பொருள் பிழைப் பதிவு முன்னிற்கிறது. 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல் சேர்க்கும், பிழை திருத்தும் வகையான ஈசிசி (ECC) ரேம், ஒரு பிட் பிழையைத் திருத்தும். இரண்டு பிட் பிழையைக் கண்டறியும். திருத்தப்பட்ட பிழைகளை ராஸ்டீமன் (rasdaemon) என்ற லினக்ஸ் நிரல் குறித்துவைப்பதால், ஒரு ரேம் அட்டையில் எண்ணிக்கை ஏறுவதை முன்கூட்டியே காணலாம். திருத்த முடியாத பிழை வந்தாலும், வன்பொருள் இடம்கொடுத்தால், 2009-இல் வந்த 2.6.32 முதல் கெர்னல் பிழை விழுந்த நினைவகத் துண்டை, அதாவது அந்தப் பக்கத்தை, ஒதுக்கி, அதைப் பயன்படுத்திய நிரலை மட்டும் நிறுத்தும். பிழை கெர்னலின் சொந்தப் பக்கத்தில் விழுந்தால்தான் முழுவதும் வீழும். விண்டோஸில் இதே பணியை விஸ்டா முதல் வீயா (WHEA) என்ற வன்பொருள் பிழை அமைப்பு செய்கிறது. அங்கே நீலத்திரையில் 0x124 என்ற எண்ணைக் கண்டால் வன்பொருளைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

சிபியு தான் கண்ட வன்பொருள் பிழையைக் குறித்துவைக்கும் மெஷின் செக் பதிவகங்களில் எழுதப்பட்ட விவரம், மின்சாரம் போகாத மறுதொடக்கத்தைப் பெரும்பாலும் தாங்கும். பிளக்கைப் பிடுங்கினால் அழிந்துவிடும். அந்த மூன்று முறையும் தோட்டத்துக் காவலர் பிளக்கைத்தான் பிடுங்கியிருந்தார். பிடுங்க வேண்டாம் என்று அவரிடம் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். நான்காம் முறை, “அண்ணா, ரீசெட் பட்டனை மட்டும் அழுத்துங்கள்” என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டேன். சர்வர் எழுந்ததும் வந்த பதிவு நினைவகப் பிழையைக் காட்டியது. மறுநாள் மலையேறி ரேம் அட்டையை மாற்றினேன். அதன்பின் அது உறையவில்லை.