போதைப்பொருள்: மறியலா, கடையா, சிகிச்சையா?

பிடித்து மறியலில் (சிறையில்) போடு, இல்லாவிட்டால் கடை திறந்து விற்கவிடு: வன்னியில் இந்த வாதம் எழும்போது இரண்டே வழி இருப்பதுபோலத்தான் பேசுகிறோம். மூன்றாவது வழியும் உண்டு. விற்பனை குற்றமாகவே இருக்கும். தன் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருப்பவரை மட்டும் சிகிச்சைப் பக்கம் திருப்புவது. நான் நிற்பது இந்தப் பக்கம்.

கடை வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கனடா 2018 இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கியது. தரம் பார்க்கலாம், வரி எடுக்கலாம், உண்மைதான். ஆனால் எங்கள் ஊர்களில் தவறணையும் சாராயக்கடையும் அனுமதியோடு நடந்தும் களவாகக் காய்ச்சும் கசிப்பு ஒழியவில்லை. சாராயத்தின் விலை ஏற ஏற, கூலிவேலை செய்பவர் மலிவானதைத் தேடிப் போகிறார். மன்னார்க் கரையில் கேரளக் கஞ்சா படகில் வந்திறங்கும் வரை வரி கட்டிய கஞ்சாவுக்கும் அதே கதிதான். ஐஸையும் (மெத்தம்பெற்றமைன்) தூளையும் (ஹெரோயின்) கடையில் வைப்பது பேச்சுக்கே இடமில்லாதது.

மறியல் வழியில் சட்டம் கடுமையாகவே இருக்கிறது. 2 கிராம் ஹெரோயினுக்கே மரணதண்டனை அல்லது ஆயுள்தண்டனை விதிக்கலாம். 2022 திருத்தம் ஐஸுக்கு 5 கிராம் என்று வைத்தது. ஆனால் 1976 க்குப் பிறகு இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. சந்தியில் அகப்படுவதும் பெரிய கைகள் அல்ல, சின்னச் சரையோடு (பொட்டலத்தோடு) நிற்கும் பெடியன்.

என் கணக்கில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது நிறுத்திய பிறகு வரும் காலம். தூளை நிறுத்தி 8 முதல் 12 மணித்தியாலத்தில் கொட்டாவி, மூக்கொழுகல், உடம்பு உளைவு, வயிற்றோட்டம் தொடங்கும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம். ஒரு கிழமையளவில் உடம்பு அடங்கும். “விட்டிட்டான்” என்று வீடு நம்புவது அப்போதுதான். ஆசையோ மாதக்கணக்கில் போகாது. உடம்பின் தாங்குசக்தி மட்டும் சில கிழமைகளிலேயே இறங்கிவிடும். விளக்கமறியலால் வந்தவர் பழைய அளவையே திரும்ப எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். வெளியே வந்த முதல் இரண்டு கிழமைகள்தான் மிக ஆபத்தானவை. சிகிச்சை இல்லாத மறியல் ஆளை அந்த இடத்தில்தான் கொண்டுவந்து விடுகிறது.

போர்த்துக்கல் 2001 இல் மூன்றாவது வழிக்கு மாறியது. பத்து நாள் பாவனைக்கான அளவு, அதாவது கஞ்சா 25 கிராம், ஹெரோயின் 1 கிராம் வரை, குற்றவியல் வழக்கு இல்லை; மூவர் குழுவொன்றின் முன் போகவேண்டும். கூடவே சிகிச்சையையும் பெருக்கினார்கள். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 2021 இல் தண்டனையை முதலில் எடுத்தது, சிகிச்சைக்கான பணம் பிந்தி வந்தது. 2024 இல் பழையபடி குற்றமாக்கிவிட்டார்கள். ஆகவே துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் ஒருநாள் கூலியை இழக்காமல் போய்வரக்கூடிய கிளினிக் முதலில் வரட்டும், சட்டம் பிறகு மாறட்டும்.

ஐஸ் விடயத்தில் இவ்வளவு உறுதியாகப் பேசமாட்டேன். போர்த்துக்கலை வாட்டியது ஹெரோயின். அதற்கு மெதடோன் போல மாற்றுமருந்து உண்டு. ஐஸுக்கு அப்படி நிலைபெற்ற மருந்து இல்லை. நிறுத்தியவர் நாட்கணக்கில் தூங்குவார், பிறகு மனம் இடிந்துபோவார். உயிரை மாய்க்கும் எண்ணம் வரலாம், தனியே விடக்கூடாது.

சட்டம் எப்போது மாறினாலும், மறியலால் ஒரு பிள்ளை வந்திருக்கும் வீடு இதை இன்றே தெரிந்திருக்கவேண்டும்: உதடு நீலம்பாரித்து, மூச்சு மெதுவாகி, தட்டியும் எழும்பாவிட்டால் பக்கவாட்டில் சரித்துக் கிடத்தி 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். என்ன எடுத்தார் என்பதை மறைக்கவேண்டாம். சிகிச்சை பற்றிக் கேட்பதற்கு 1927 என்ற தொலைபேசி இலக்கம்.