வீட்டு வாசல் வியாபாரியா, நியாய வணிகக் குழுவா?

பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் இரண்டு ஏக்கர் காப்பி வைத்திருப்பவர்கள், பழம் சிவக்கத் தொடங்கியதும் கேட்கும் கேள்வி இது: விளைச்சலை வாசலுக்கே வரும் வியாபாரியிடம் கொடுப்பதா, நியாய வணிகச் (Fairtrade) சான்றிதழோடு சேர்ந்து விற்கும் சிறு விவசாயிகளின் குழுவிடம் கொடுப்பதா?

கைக்காசு: வியாபாரி மூட்டையை எடை போட்டதும் எண்ணிக் கொடுத்துவிடுவார். குழுவில் பெரும்பாலும் காத்திருக்க வேண்டும்.

விலை: சந்தை சரிந்தால் வியாபாரியின் விலையும் சரியும். நியாய வணிகத்தில் குறைந்தபட்ச விலை உண்டு. கழுவிப் பதப்படுத்திய அராபிகா வகைக் காப்பிக்கு அது 2023 ஆகஸ்டில் பவுண்டுக்கு 1.80 டாலராக உயர்ந்தது. அதற்கு மேல் 20 சென்ட் ஊக்கத்தொகை. அதை எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்களே கூடி முடிவெடுப்பார்கள். சந்தை ஏறிக்கிடக்கும் ஆண்டில் இந்தக் குறைந்தபட்ச விலைக்கு வேலையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உழைப்பு: பச்சைக்காய் கலந்திருந்தாலும் வியாபாரி எடுத்துக்கொள்வார், விலையைக் குறைத்து. குழுவுக்குப் பழுத்தது மட்டும்தான். இரு விரலால் அழுத்தினால் கொட்டை வழுக்கி வெளியே வர வேண்டும். பறித்த அன்றே தோல் நீக்க வேண்டும். உரம், மருந்து, கூலி எல்லாவற்றுக்கும் கணக்குப் புத்தகம் வேறு. எனக்குக் கசப்பது அதுதான், காப்பி அல்ல.

பறிக்க ஆளில்லாமல், கல்யாணச் செலவும் நெருக்கினால் வியாபாரியிடமே கொடுக்கலாம். நான்கு மாதம் தாங்கும் கையிருப்பும், பக்கத்துத் தோட்டக்காரர்களோடு ஒற்றுமையும் இருப்பவர்களுக்குக் குழு.